நகரத்துப் பப்ளிக் ஹைஸ்கூல்: அந்த 34 சதவீதத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

கேள்வி, ஜூலை 21

வேலை மாற்றத்தால் அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்துக்கு உள்ளேயே குடிபோகிறோம். மகள் 9ஆம் வகுப்பு சேர வேண்டும். எங்கள் முகவரிக்கு உரிய பப்ளிக் ஹைஸ்கூலின் ரிப்போர்ட் கார்டு இது: மாணவர்கள் 1,400. கணக்கில் தேர்ச்சி 34%, ஆங்கிலத்தில் 47%. நான்கு ஆண்டில் டிப்ளமா (பள்ளியிறுதிச் சான்று) பெறுவோர் 86%. வறுமை 100%. கறுப்பினத்தவர் 41, ஹிஸ்பானிக் 38, வெள்ளையர் 12, ஏசியன் 6, கலப்பினம் 3. வீடு தேடும் தளங்களில் 10க்கு 3. கேட்டவர்கள் எல்லாரும் புறநகருக்குப் போ என்கிறார்கள். இது மோசமான பள்ளியா?

ஜூலை 21

இந்தத் தாளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதில் பாதி எண்கள் பள்ளியைப் பற்றியவையே அல்ல, பள்ளிக்குள் நுழைகிறவர்களைப் பற்றியவை.

கணக்கில் 34% என்பதையே எடுங்கள். ஹைஸ்கூலின் நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை எழுதும் மாநிலத் தேர்வு அது. மழலைப் பருவம் தொட்டு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்ததும் கிடைக்காததும் அந்த ஒரு காலைப்பொழுதில் கூடி நிற்கின்றன. 1966இல் ஜேம்ஸ் கோல்மன் குழு ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடத்திய ஆய்விலேயே இது வெளிச்சமாகிவிட்டது. மதிப்பெண் வேறுபாடு வீட்டுப் பின்னணியோடுதான் அதிகம் ஒட்டிப் போகிறது. பள்ளியின் செலவும் வசதியும் அதற்கு அடுத்தபடிதான்.

அதற்காகப் பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் உள்ள டிஸ்ட்ரிக்ட்களின் (ஒரே நிர்வாகத்தின்கீழ் வரும் பள்ளிப் பகுதிகளின்) தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து பார்த்தார். சராசரி மதிப்பெண் குடும்ப வருமானத்தை நிழல்போலத் தொடர்கிறது. ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு கற்றார்கள் என்ற வளர்ச்சி அப்படித் தொடர்வதில்லை. சிகாகோவின் பொதுப் பள்ளிகளில் பிள்ளைகள் 3ஆம் வகுப்பில் தேசியச் சராசரிக்குக் கீழே தொடங்கி, 8ஆம் வகுப்புக்குள் ஐந்து ஆண்டுகளில் ஆறு ஆண்டுக்கு உரிய வளர்ச்சியைக் காட்டினார்கள். சராசரியை மட்டும் பார்ப்பவர் கண்ணில் சிகாகோ அப்போதும் பின்தங்கிய ஊர்தான்.

ஆகவே முதலில் வளர்ச்சி எண்ணைத் தேடுங்கள்.

ஜூலை 21, இரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். சிகாகோ கணக்கு 3 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உரியது. அதை அப்படியே ஹைஸ்கூலுக்கு நீட்டியது சரியல்ல.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. நாடு முழுவதுக்குமான பள்ளிக் கல்விச் சட்டமான 2015இன் ஈ.எஸ்.எஸ்.ஏ.வின்படி வாசிப்பும் கணக்கும் 3 முதல் 8 வரை ஆண்டுதோறும் தேர்வு. 9 முதல் 12 வரை மொத்தமாக ஒரு முறை வைத்தால் போதும். ஒரே ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. 8ஆம் வகுப்புத் தேர்வையும் 11ஆம் வகுப்பின் வேறொரு தேர்வையும் இணைத்துச் சில மாநிலங்கள் வளர்ச்சி கணக்கிடுகின்றன, சில மாநிலங்கள் கணக்கிடுவதே இல்லை. ஹைஸ்கூலுக்கு அந்தச் சட்டம் வளர்ச்சி எண்ணைக் கட்டாயமாக்கவில்லை, டிப்ளமா விகிதத்தைத்தான் கட்டாயமாக்குகிறது.

உங்கள் மாநிலம் வளர்ச்சிக்கான பெர்சென்டைல் வெளியிட்டால், 50ஐ நடுவாக வைத்துப் படியுங்கள். ஒரே இடத்தில் தொடங்கிய பிள்ளைகளுக்கு நடுவில் உங்கள் பள்ளியின் பிள்ளை எங்கே வந்து நிற்கிறான் என்பதே அந்த எண். 57 என்றால் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 43 என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். வெளியிடாவிட்டால் விட்டுவிடுங்கள், வேறு வழி இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 22

"வறுமை 100%" என்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். அதைத்தான் முதலில் தள்ளிவைக்க வேண்டும்.

அது மதிய உணவுக் கணக்கு. பழைய முறையில் குடும்ப வருமானம் கூட்டரசு வறுமைக் கோட்டின் 130%க்குள் இருந்தால் இலவச உணவு, 185%க்குள் இருந்தால் குறைந்த விலையில். வீட்டுக்கு வீடு படிவம் வாங்குவார்கள். 2014-15 முதல் நாடு முழுவதும் வேறொரு வழி திறந்தது. ஸ்நாப் என்ற அரசு உணவு உதவி போன்றவற்றைப் பெறும் குடும்பத்துப் பிள்ளைகள், வளர்ப்புப் பராமரிப்பில் இருப்பவர்கள், வீடற்றவர்கள் ஆகியோரைப் படிவம் இல்லாமலே அரசுப் பட்டியலிலிருந்து எண்ணிக்கொள்கிறார்கள். அவர்கள் 40% இருந்தால் போதும், பள்ளியில் எல்லாருக்கும் இலவச உணவு கொடுக்கலாம். 2023இல் அந்த வரம்பு 25% ஆக இறங்கியது.

எல்லாருக்கும் இலவசம் என்றதும் பல ரிப்போர்ட் கார்டுகளில் வறுமை 100 என்று ஏறிவிடுகிறது. பதிவேட்டில் 45% ஏழைகள் இருக்கும் பள்ளிக்கும் 90% இருக்கும் பள்ளிக்கும் அதே 100. தாளில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

கேட்க வேண்டியது நேரடிச் சான்று பெற்றவர்களின், அதாவது படிவம் இல்லாமல் அரசுப் பட்டியலிலிருந்து எண்ணப்பட்டவர்களின் சதவீதம். மாநிலக் கல்வித் துறையின் உணவுத் திட்டப் பட்டியலில் பள்ளிவாரியாக இருக்கும். அரசு பணம் திருப்பிக் கொடுக்கும்போது அதை 1.6ஆல் பெருக்குகிறது, ஆகவே பழைய படிவக் கணக்கோடு ஒப்பிட விரும்பினால் நீங்களும் பெருக்குங்கள். 45% என்றால் 72. பெருக்கிப் பார்த்தபின் உண்மையில் 72 இருக்கும் பள்ளியில் கணக்கில் 34 என்பதும், 100ஐ எட்டிய பள்ளியில் 34 என்பதும் வேறு வேறு செய்திகள். இரண்டாவது பள்ளியின் ஆசிரியர்கள் அதிகம் சாதித்திருக்கிறார்கள்.

ஜூலை 22, பிற்பகல்

ஏசியன் 6% பற்றித் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் தமிழ்க் குடும்பமும் இருக்கும், லாவோஸிலிருந்து வந்த மோங் அகதிக் குடும்பமும் இருக்கும், நேற்று வந்த பங்களாதேஷ் குடும்பமும் இருக்கும். 1,400இல் 6% என்றால் 84 பேர், வகுப்புக்கு 21. அந்த 21 பேரின் சராசரியைப் பார்த்து உங்கள் மகளின் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம்.

பிரிவுகள் எப்படி வருகின்றன என்பதும் தெரிந்திருக்கட்டும். 2010-11 முதல் பள்ளிகள் இரண்டு கேள்வி கேட்கின்றன: ஹிஸ்பானிக்கா, பிறகு எந்த இனம். முதல் கேள்விக்கு ஆம் என்றால் இரண்டாவதில் எதைக் குறித்தாலும் அறிக்கையில் ஹிஸ்பானிக் மட்டுமே. மற்றவர்களில் இரண்டு கட்டம் குறித்தவர் கலப்பினம். பெற்றோர் எதையும் நிரப்பாவிட்டால் பள்ளி ஊழியரே பார்த்துக் குறிக்கலாம். 2024 மார்ச்சில் கூட்டரசு இந்த விதியை மாற்றி, இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கி, மத்தியக் கிழக்கு மற்றும் வட ஆப்பிரிக்காவுக்குத் தனிக் கட்டம் சேர்த்தது. அது பள்ளிகளுக்கு வந்து சேரும் ஆண்டில் "வெள்ளையர் குறைந்துவிட்டார்கள்" என்று சில ஊர்களில் பேச்சு கிளம்பும். படிவம் மாறியிருக்கும், பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்.

ஜூலை 24

86% டிப்ளமா விகிதத்துக்கு வருவோம். இங்கே எல்லாம் வகுக்கும் எண்ணில்தான் இருக்கிறது.

2008இன் விதிப்படி ஒரே ஆண்டில் முதல்முறையாக 9இல் நுழைந்தவர்கள் ஓர் அணி. நடுவில் மாற்றலாகி வந்தவர்களைக் கூட்ட வேண்டும். வேறு பள்ளிக்குப் போனவர்கள், நாட்டைவிட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் ஆகியோரைக் கழிக்க வேண்டும். கடைசியில் நான்கு ஆண்டுக்குள் வழக்கமான டிப்ளமா பெற்றவர்களை அதனால் வகுக்க வேண்டும். டிப்ளமாவுக்கு ஈடாக ஜி.இ.டி. என்ற தனித்தேர்வில் சான்று வாங்கியவர் டிப்ளமா பெற்றவர் ஆகமாட்டார், ஆனால் அணியில் நிற்பார்.

ஒரு மாதிரிக் கணக்கு: நுழைந்தவர்கள் 350, வந்து சேர்ந்தவர்கள் 60, போனவர்கள் 70. அணி 340. டிப்ளமா 292. 85.9%. போன 70 பேரில் 20 பேருக்கு மறுபள்ளியில் சேர்ந்ததற்கான எழுத்துச் சான்று இல்லை என்று தணிக்கையில் தெரிந்தால் அவர்களைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். அணி 360, விகிதம் 81.1%. ஒரு பிள்ளைகூட மாறவில்லை, ஒரு கோப்புறைதான் மாறியது. ஏழைக் குடும்பங்கள் வாடகை ஏறினால் அடுத்த தெருவுக்கோ அடுத்த ஊருக்கோ நகர்ந்துவிடும் நகரத்தில், போன பிள்ளை எங்கே சேர்ந்தான் என்று தேடி ஒரு தாள் வாங்குவது பதிவெழுத்தருக்கு மாதக்கணக்கில் ஓடும் வேலை. அந்த இருக்கை காலியாக இருக்கும் பள்ளியின் விகிதம் உண்மையைவிடக் கீழே தெரியும்.

நாடு முழுவதுக்குமான விகிதம் 2010-11இல் 79%, 2021-22இல் 87%. உங்கள் பள்ளி அதற்கு ஒரு படி கீழே. 67%க்குக் கீழே போனால்தான் சட்டப்படி மாநிலம் தலையிட வேண்டும்.

ஜூலை 24, சற்றுப் பிறகு

"கணக்கில் 34 பேர் தேறுகிறார்கள், 86 பேருக்கு டிப்ளமா கொடுக்கிறார்கள், இது ஏமாற்று" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன், இரண்டு முறை யோசித்தபின் மாற்றிக்கொள்கிறேன். டிப்ளமா க்ரெடிட் கணக்கு, பாடத்துக்குப் பாடம் தேறினால் சேரும் புள்ளி. 34 ஒரு தேர்வின் வெட்டுமதிப்பெண். பல மாநிலங்களில் அந்த வெட்டு கல்லூரிக்குத் தயார் என்ற உயரத்தில் வைக்கப்பட்டது. இரண்டுக்கும் இடைவெளி இருப்பது இயல்பு.

சந்தேகம் தீர வேண்டுமானால் பார்க்க வேண்டியது க்ரெடிட் மீட்பு. ஃபெயிலான பாடத்தைக் கணினியில் முடித்து வாங்கிய க்ரெடிட் மொத்தத்தில் எவ்வளவு என்று பள்ளியின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலரிடம் கேளுங்கள். மேற்பார்வையில் ஆசிரியர் இருக்கிறாரா, இறுதித் தேர்வைப் பள்ளிக்குள் எழுத வேண்டுமா, இவையும். 18 வார வகுப்பை மூன்று நாளில் முடிக்க விடுகிறார்கள் என்றால் அந்தக் க்ரெடிட்டுக்குள் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. 17 வயதில் அகதியாக வந்து 9இல் சேரும் பிள்ளை நான்கு ஆண்டில் முடிக்காவிட்டால் விகிதம் குறையும். சிறப்புக் கல்விக்கான ஐ.இ.பி. திட்டத்தின்கீழ் 21 வயதுவரை படிக்கும் உரிமையைப் பயன்படுத்தும் பிள்ளையும் அப்படியே. இருவரையும் தங்கவைத்துச் சொல்லிக்கொடுப்பது பள்ளியின் நல்ல குணம். ஆகவே ஐந்தாண்டு, ஆறாண்டு விகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலிருந்து ஆறுக்குள் விகிதம் நன்றாக ஏறினால் யாரையும் கைவிடாத பள்ளி.

ஜூலை 27

"அந்தப் பள்ளி சரிகிறது, ஆங்கிலம் முன்பு 62, இப்போது 47" என்பவருக்கு.

400 பேர் தேர்வு எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒரு பிரிவில் 300 பேர், 70% தேர்ச்சி. இன்னொன்றில் 100 பேர், 40%. மொத்தம் 250 பேர், 62.5%. சில ஆண்டுகளில் அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் மாறுகிறார்கள். இப்போது முதல் பிரிவில் 160 பேர், தேர்ச்சி 75%. இரண்டாவதில் 240 பேர், 45%. மொத்தம் 228 பேர், 57%. இரண்டு பிரிவும் ஐந்து புள்ளி ஏறின, பள்ளி ஐந்தரை புள்ளி இறங்கியது. கணக்கில் பிழை இல்லை. மொத்த எண்ணை மட்டும் படித்தவர் பிரின்சிபலை மாற்றச் சொல்வார்.

உங்கள் பள்ளியில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. பிரிவுவாரி வரிசையைப் பத்து ஆண்டுக்கு எடுத்துப் பார்க்காமல் "சரிகிறது" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறேன்.

ஜூலை 27

சிறு பிரிவுகளில் கவனம். 25 பேர் எழுதினால் ஒரு பிள்ளைக்கு 4 புள்ளி. ஒரே பயிற்சி, ஒரே ஆசிரியர், அடுத்த ஆண்டு 10 புள்ளி ஏறுவதோ இறங்குவதோ சாதாரணம். மூன்று ஆண்டைச் சேர்த்துப் பாருங்கள். நட்சத்திரக் குறி இருந்தால் ஆட்கள் குறைவு என்று எண்ணை விட்டிருக்கிறார்கள், குறையை ஒளிப்பதற்கு அல்ல.

ஜூலை 29

வளர்ச்சி எண் கிடைக்காவிட்டால் வேறு வழி என்று சொன்னேனே, அது இதுதான். ஹைஸ்கூலைப் பற்றி ஒரே ஒரு எண்தான் கேட்கலாம் என்றால் நான் கேட்பது 9ஆம் வகுப்பின் தடம்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் எலெய்ன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் 2005இல் வகுத்த அளவு: 9ஆம் வகுப்பின் முடிவில் குறைந்தது 5 முழு க்ரெடிட், முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் எஃப் (ஃபெயில்) இல்லை. இந்தத் தடத்தில் இருந்தவர்கள் நான்கு ஆண்டில் டிப்ளமா பெறும் வாய்ப்பு, தடம் விலகியவர்களைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். 8ஆம் வகுப்பு மதிப்பெண்ணோ இனமோ வருமானமோ இந்த அளவுக்குச் சரியாக முன்கூட்டிச் சொல்வதில்லை. 9இல் பிள்ளை வழுக்குவதைப் பெரியவர்கள் அதே வாரத்தில் கவனித்தார்களா என்பதை இந்த எண் காட்டுகிறது. பள்ளியின் கையில் உண்மையாகவே இருக்கும் வேலை அதுதான்.

அதற்கு இணையானது வருகை. சராசரி வருகையைப் பார்க்காதீர்கள், நாள்பட்ட வராமையைப் பாருங்கள். 180 நாளில் 10%, அதாவது 18 நாள் தவறவிட்டவர் அந்தப் பட்டியலில் வருவார். 92% சராசரி வருகை என்று பேனர் கட்டிய பள்ளியில் 100 பேருக்கு ஆண்டில் 1,440 நாள் விடுபடுகிறது. அதில் 30 பேர் ஆளுக்கு 36 நாள் வராமல் இருந்து, மீதி 70 பேர் ஐந்து நாள் சொச்சம் விட்டிருந்தாலும் அதே 92 வரும். கணக்கு வகுப்பில் பத்தில் மூன்று நாற்காலி மாறி மாறிக் காலியாக இருந்தால் ஆசிரியர் பாதி நேரம் பழைய பாடத்தையே திரும்ப நடத்துவார். தினமும் வருகிற பிள்ளைக்கும் அது இழப்பு.

ஜூலை 30

வீட்டுமொழிப் படிவம் பற்றி, இது தமிழ் வீடுகளுக்கு. சேர்க்கையின்போது வீட்டில் என்ன மொழி என்று கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள். அதற்குப் பயந்து ஆங்கிலம் என்று எழுதாதீர்கள். நன்றாகப் பேசி எழுதும் பிள்ளை அந்தச் சோதனையில் தேறி வெளியே வந்துவிடும். தேறாவிட்டால் பள்ளியாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தனி வகுப்பு வேண்டாம் என்று நீங்கள் மறுக்கலாம். ஆண்டுத் திறன் தேர்வு மட்டும் தொடரும். முந்தைய மாநிலத்தின் தேர்வு முடிவுகளைக் கையில் வைத்திருங்கள்.

ஆங்கிலம் கற்போர் வரிசை பெரும்பாலான பள்ளிகளில் அடிமட்டத்தில் இருப்பதற்கும் இதிலேயே காரணம் இருக்கிறது. தேறியவர் பட்டியலிலிருந்து போய்விடுகிறார், புதிதாக வந்தவர் சேர்கிறார். நன்றாக ஓடுபவரை எல்லாம் எடுத்துவிட்டு மிச்சமிருப்பவரை நேரம் பார்ப்பது போல. அதனால்தான் தேறியவர்களையும் நான்கு ஆண்டு வரை அந்தப் பிரிவில் எண்ணிக்கொள்ள மாநிலங்களுக்கு ஈ.எஸ்.எஸ்.ஏ. இடம் கொடுக்கிறது.

ஆகஸ்ட் 1

"புறநகருக்குப் போ" என்பதைப் பற்றி. நகரத்தின் பள்ளி டிஸ்ட்ரிக்ட் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆசிரியர்கள் மேலானவர்கள் என்பதற்குச் சராசரி மதிப்பெண் சான்று ஆகாது. கோடு எங்கே விழுந்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது. சொத்து வரியை நம்பிய பள்ளி நிதியில் ஏற்றத்தாழ்வு இருப்பது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 1973இல் சான் ஆன்டோனியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன ஒதுக்கத்தை நீக்க டெட்ராய்ட்டையும் அதன் புறநகர்ப் பள்ளிகளையும் ஒன்றாகக் கலக்க முடியாது என்று 1974இல் மில்லிகன் வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகு குடும்பங்கள் கோட்டைத் தாண்டி வீடு வாங்கின, வீட்டு விலையோடு சராசரி மதிப்பெண்ணும் நகர்ந்தது. 10க்கு 3, 10க்கு 9 என்பதில் அந்த விலையும் கலந்திருக்கிறது. மதிப்பீட்டைப் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் அந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறார்கள், நம் ஆட்கள் உட்பட. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2

ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளி இருக்கலாம். விண்ணப்பித்துச் சேரும் தனித் திட்டங்களான ஐ.பி. அல்லது மேக்னெட் மூன்றாம் மாடியில், மற்றவர்கள் கீழே. சராசரி இருவரையும் கலக்கிவிடும். கூட்டரசின் குடிமை உரிமைத் தரவுத் தொகுப்பில் பள்ளிவாரியாக ஏ.பி. (கல்லூரி அளவிலான பாடங்கள்), கால்குலஸ் சேர்க்கை, இடைநீக்கம் எல்லாம் இனவாரியாக இருக்கும். 41% கறுப்பின மாணவர்கள் உள்ள பள்ளியில் கால்குலஸ் வகுப்பில் அவர்கள் 8% என்றால், உள்ளே ஒரு சுவர் நிற்கிறது. உங்கள் மகள் சுவரின் எந்தப் பக்கம் என்பதைவிட, அந்தச் சுவரை இடிக்கப் பள்ளி என்ன செய்கிறது என்று கேட்பது நல்ல கேள்வி.

கணக்கு வரிசையையும் பாருங்கள்: அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ், கால்குலஸ். ஐந்து பாடம், நான்கு ஆண்டு. 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்தவருக்குத்தான் நேர்வழியில் கால்குலஸ் எட்டும். பாடப் பட்டியல் புத்தகத்தில் 14 ஏ.பி. என்று அச்சிட்டிருக்கும். பட்டியலில் இருப்பது வேறு, இந்த ஆண்டு எத்தனை வகுப்புப் பிரிவு ஓடுகிறது என்பது வேறு. ஆள் சேராத பாடத்தை ஆகஸ்டில் சத்தமில்லாமல் நீக்குவார்கள். தேர்வு எழுதியவர் எத்தனை பேர், 5க்கு 3 அல்லது அதற்கு மேல் எடுத்தவர் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் சராசரியைப் பக்கத்து மாநிலத்தோடு ஒப்பிடாதீர்கள். மிச்சிகன், கொலராடோ போன்ற இடங்களில் 11ஆம் வகுப்பில் எல்லாரும் எழுதுகிறார்கள். விரும்பியவர் மட்டும் எழுதும் இடத்தில் சராசரி தானாகவே மேலே நிற்கும்.

கேட்டவர், ஆகஸ்ட் 8

பள்ளிக்குப் போய்க் கேட்டு வந்தோம். நேரடிச் சான்று 58%. 9ஆம் வகுப்பில் தடத்தில் இருப்பவர்கள் 84%, நான்கு ஆண்டுக்கு முன் 71%. நாள்பட்ட வராமை 31%. ஆறாண்டு விகிதம் 91. ப்ரீகால்குலஸ் 3 பிரிவு, ஏ.பி. கால்குலஸ் 1 பிரிவு, 26 பேர். மகள் அல்ஜீப்ரா 1 முடித்துவிட்டாள்.

ஆகஸ்ட் 9

58ஐ 1.6ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 93. அவ்வளவு ஏழ்மைக்கு நடுவில் 9இன் தடம் 71லிருந்து 84க்கு ஏறியிருக்கிறது. யாரோ அங்கே வாரா வாரம் பெயர்ப்பட்டியலை எடுத்துவைத்து உட்காருகிறார்கள். 86லிருந்து 91 என்பதும் அதையே சொல்கிறது. நான் அந்தப் பள்ளியில் சேர்ப்பேன்.

31% வராமை கவலைக்குரியது, அதை மறைத்துப் பேச வேண்டாம். எந்த வகுப்பில் அதிகம் என்று கேளுங்கள். 12இல் குவிந்திருந்தால் ஒரு மாதிரி, 9இலேயே தொடங்கினால் வேறு மாதிரி.

நாளையே செய்ய வேண்டியது ஒன்று. அல்ஜீப்ரா 1 முடித்ததற்கான முந்தைய பள்ளியின் மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்டைக் கவுன்சிலர் கையில் கொடுத்து, ஜியோமெட்ரியில் இடம் உறுதியானதைக் கால அட்டவணையில் அச்சாகப் பாருங்கள். டிரான்ஸ்கிரிப்ட் வந்து சேராத பிள்ளையை அல்ஜீப்ரா 1இல் மறுபடி உட்காரவைப்பது வழக்கம். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பிரிவு நிரம்பிவிட்டது என்பார்கள், அதன்பின் 12ஆம் வகுப்பில் அந்த 26 பேரில் அவள் இருக்கமாட்டாள்.